உப்பும் உயிரும்

திருத்தணிகை மலைக்குப் படிகள் 365. ஆடிக் கிருத்திகை நாளில் காவடி சுமந்து அப்படிகளில் ஏறுவோர் மிகப் பலர். எல்லைப்புறத்ததாகிய இவ்வூர் 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆயினும், தமிழும் தெலுங்கும் அங்கே இன்றும் உறவாடுகின்றன. படியேறும் அடியவரின் நெற்றி வியர்வை வழிந்து இதழிற் படுகின்றது. அதன் சுவையைத் தமிழர் 'உப்பு' என்பர்; தெலுங்கரும் 'உப்பு' என்றே கூறுவர். மொழி இரண்டாயினும் சொல் ஒன்றே, பொருளும் ஒன்றே.

உடலினுள் இவ்வுப்புச் செய்யும் தொழில் வியக்கத்தக்கது. நீரிற் கரைந்த உப்பு, மின்னேற்றம் பெற்ற நுண்துகள்களாகப் பிரிகின்றது. அவற்றை அயனிகள் என்பர். உயிரணுவின் சுவரில் அயனிகள் சென்றுவரத் தனித்தனி வாயில்கள் உள்ளன. அயனி சென்ற வழியை நீரும் பின்பற்றும். இரைப்பையினின்று புளித்த நிலையில் வரும் உணவின் புளிப்பை மாற்றக் கணையம் காரத்தன்மையுள்ள நீரைச் சுரக்கின்றது. அச்சுரப்பைத் தூண்டும் பொருளை 1902இல் பேய்லிஸ், ஸ்டார்லிங் என்னும் உடலியல் அறிஞர் இருவர் இலண்டனிற் கண்டறிந்தனர். அப்பொருள் ஏவியவுடன் கணைய நாளத்தில் ஒரு வாயில் திறக்கின்றது. அயனிகள் வெளிவர, நீரும் உடன் வருகின்றது. பணி முடிந்ததும் வாயில் அடைபடுகின்றது.

அதே வாயில் குடற்சுவரிலும் உண்டு. அஃது அடைபடாது திறந்தே கிடப்பின் யாதாகும்? உடலின் நீரெல்லாம் குடல்வழியே வெளியேறும். சில மணி நேரத்தில் உயிர் பிரியும். அதுவே வாந்திபேதி. முற்காலத்தில் திருவிழாக் கூடும் ஊர்களிலெல்லாம் மக்களை நடுங்கச் செய்த நோய் அது.

அந்நோயின் கிருமி அறியப்பட்ட பின்னரும், அது கொல்லும் வகை நெடுங்காலம் விளங்கவில்லை. கல்கத்தாவில் சம்புநாத் டே என்னும் மருத்துவர் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். கிருமி வளர்ந்த நீரை வடிகட்டிக் கிருமிகளை அறவே நீக்கினார். எஞ்சிய நீரை, கட்டப்பட்ட முயற்குடலின் ஒரு பகுதியில் செலுத்தினார். குடல் நீரால் நிறைந்து புடைத்தது! கொல்வது கிருமி உமிழும் நஞ்சே என்பது 1959இல் உலகிற்குப் புலனாயிற்று. குடலின் வாயிலைத் திறந்தே வைப்பது அந்நஞ்சுதான் என்பதைப் பின்வந்தோர் தெளிவாக்கினர்.

மறு ஆண்டில், இராபர்ட் கிரேன் என்னும் அறிஞர், குடலில் சர்க்கரையும் உப்பும் கைகோத்து உட்புகும் வேறொரு வாயில் உண்டு எனக் கூறினார். வாந்திபேதி அந்த வாயிலை அடைப்பதில்லை. ஒரு வழியே நீர் வெளியேறினும், மற்றொரு வழியே அதனை மீட்கலாம் அன்றோ?

1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லையை அடுத்த பங்கான் முகாமில் அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. நரம்பின் வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர் உப்பையும் சர்க்கரையையும் அளவறிந்து நீரிற் கலந்து பருகச் செய்தார். நோயாளிகளின் சுற்றத்தாரே அதனைப் புகட்டினர். நூற்றுக்கு 20, 30 என மாண்டுகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு நூற்றுக்கு 4-க்கும் குறைந்தது.

இன்று அம்மருந்து வீடுதோறும் எளிதிற் கிட்டுவது. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும், கரண்டி விளிம்பளவாகத் தட்டி, இட்டுக் கரைத்தல் வேண்டும். உப்பு மிகுதல் தீங்கு. நோய் கடுமையாயின் மருத்துவரை நாடுதலும் இன்றியமையாதது.

டே 1985இல் மறைந்தார். வாழ்ந்த நாளில் பெரும்பரிசு எதுவும் அவரை நாடி வரவில்லை. எனினும், பெற்றோர் மடியில் பிழைத்தெழுந்த குழந்தைகள் எண்ணிறந்தோர். அவர்களே அவர்தம் பரிசு.

முருகன் சினம் தணிந்து அமர்ந்தமையால் அம்மலை தணிகை எனப் பெயர் பெற்றது என்பர். கொடுநோயின் சினமும் ஒரு சிட்டிகை உப்பினால் தணிந்தது. எளிய பொருளை இகழாது ஆராய்வோர்க்கே இயற்கை தன் வாயிலைத் திறக்கின்றது.