கூ டோங்-மே நம்ம தெருப் பையன்: ‘மிஸ்டர் சன்ஷைன்’ தொடரை முன்வைத்து

வாலாஜாபேட்டையில் நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனிகளில் தையல் பிரிவில் வேலை செய்பவர்கள். மீதிப் பேர் கல்லூரி மாணவிகள். அம்பேத்கரின் ‘சாதியை அழித்தொழித்தல்’ படிக்க உட்கார்ந்த ஒரு ஞாயிறு, பேச்சு முழுக்கக் கொரியத் தொடர்கள் பக்கம் போய்விட்டது. எங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். அப்போது ஒரு மாணவி சொன்னாள்: “அக்கா, இதுல தோல் உரிக்கிறவங்க வீட்டுப் பையன் ஒருத்தன் வரான்க்கா. நம்மாளு மாதிரியே இருக்கான்.” அதன் பிறகு நாங்களும் பார்க்க ஆரம்பித்தோம். மொத்தம் 24 பகுதிகள். முடிக்க இரண்டு மாதம் ஆனது.

‘மிஸ்டர் சன்ஷைன்’ 2018இல் கொரியாவின் டிவிஎன் சேனலில் வந்தது. நெட்ஃபிளிக்ஸிலும் இருக்கிறது. எழுதியவர் கிம் உன்-சூக், இயக்கியவர் லீ உங்-போக். துப்பாக்கிச் சண்டையும் காதலும் கலந்த சரித்திரக் கதை. அடிமைகளுக்குப் பிறந்த சிறுவன் யூஜின், எஜமானர் வீட்டில் தாய் தகப்பன் இருவரையும் இழந்து, 1871இல் தப்பி அமெரிக்கா போகிறான். முப்பது வருடம் கழித்து அமெரிக்க ராணுவ அதிகாரியாகத் திரும்பி வருகிறான். ஜப்பானியருக்கு எதிராக ரகசியமாகத் துப்பாக்கி தூக்கும் உயர்குடிப் பெண் ஏ-ஷின் மீது அவனுக்குக் காதல் வருகிறது.

தொடரின் பெரிய பலம், தேசபக்திக் கதைக்கு நடுவிலேயே அது பிறப்பைப் பற்றிப் பேசுவது. தான் அடிமையாகப் பிறந்தவன் என்று யூஜின் சொன்னதும் ஏ-ஷின் முகம் மாறிவிடுகிறது. நீ காப்பாற்றத் துடிக்கும் நாட்டில் அடிமைக்கும் பேக்ஜோங்குக்கும் இடம் இருக்கிறதா என்று அவன் கேட்கிறான். ஏ-ஷின் நல்லவள், வீரமானவள். அவளுக்கும் பதில் இல்லை. இந்தக் காட்சி முடிந்ததும் அறையில் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண், “ஹாஸ்டல்ல என் தெருப் பேரச் சொன்ன அன்னிக்கு என் ஃபிரெண்டு மூஞ்சி இப்டித்தான் ஆச்சு” என்றாள். வில்லனின் சாதிவெறியைக் காட்டுவது சுலபம். நல்லவர்களின் முகத்தில் ஒரு நொடி தெரியும் சாதியைக் காட்ட துணிச்சல் வேண்டும்.

அந்த ‘நம்மாளு’ கூ டோங்-மே. பேக்ஜோங் குடும்பத்துப் பிள்ளை. மாடு அறுப்பது, தோல் பதனிடுவது, கூடை முடைவது இவைதான் கொரியாவில் பேக்ஜோங் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலைகள். ஓட்டு வீடு கட்டக் கூடாது, பட்டு உடுத்தக் கூடாது, மேல்குடிச் சிறுபிள்ளைக்கும் பணிந்து பேச வேண்டும். நம் தாத்தா பாட்டிகள் சொன்ன கதையேதான். சிறுவயதில் அடிபட்டுக் கிடக்கும் டோங்-மேயை ஏ-ஷின் தன் பல்லக்கில் ஒளித்துக் காப்பாற்றுகிறாள். அவனோ நன்றி சொல்லாமல் அவளைத் திட்டுகிறான். உதவி செய்தவள் மீது ஏன் கோபம் என்று அரை மணி நேரம் விவாதித்தோம். பல்லக்கில் போகிறவள் இரக்கப்படும்போதும் அவள் பல்லக்கில்தான் இருக்கிறாள் என்ற இடத்தில் வந்து நின்றோம்.

இனி எங்களுக்கு உறுத்தியவை.

முதலாவது, டோங்-மே ஜப்பான் போய் வாள்வீச்சுக் கும்பலில் சேர்ந்து, அவர்களின் ஆளாகத் திரும்புகிறான். ஒளிபரப்பான நாளிலேயே கொரியாவில் இதற்கு எதிர்ப்பு வந்தது. உண்மையான ஜப்பானியத் தீவிரவாத அமைப்பின் பெயரை எடுத்துவிட்டுக் கற்பனைப் பெயர் வைத்தார்கள். எங்கள் வருத்தம் வேறு. ஒடுக்கப்பட்டவன் கோபப்பட்டால் அடியாளாகத்தான் போவானா? 1894 சீர்திருத்தத்தில் இந்த இழிநிலை சட்டப்படி நீக்கப்பட்டது. 1898இல் சியோலில் நடந்த பொதுக்கூட்ட மேடையில் பார்க் சோங்-சுன் என்ற பேக்ஜோங் ஏறிப் பேசினார். 1923இல் ஜின்ஜு நகரில் ‘ஹ்யோங்பியோங்சா’ என்ற சங்கம் பிறந்தது. பேக்ஜோங் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காத கொடுமையும் அதற்கு ஒரு காரணம். பெயரில் இருப்பது தராசு, கறிக்கடைக்காரரின் கருவி. ஜப்பானில் அதேபோல் ஒதுக்கப்பட்ட மக்கள் 1922இல் தொடங்கிய ‘சுய்ஹெய்ஷா’வுடனும் இவர்கள் உறவு வைத்திருந்தார்கள். 1923 கதைக் காலத்துக்குப் பிந்தியது, சரி. 1898 முந்தியதுதானே? தொடர் டோங்-மேக்கு வாள் கொடுத்தது, சங்கம் கொடுக்கவில்லை. அவனுக்குத் தெருவும் இல்லை, சொந்தபந்தமும் இல்லை.

இரண்டாவது, சாவு. ஏ-ஷினை நேசித்த மூன்று ஆண்களும் சாகிறார்கள். அவள் மஞ்சூரியாவில் போராளிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். பெண் கையில் போராட்டம் மிஞ்சுவது நல்லதுதான். ஆனால் கீழே பிறந்தவனின் வாழ்க்கைக்கு மேலே பிறந்தவளுக்காகச் சாவதில்தான் அர்த்தம் கிடைக்கிறது என்றால், அதை எங்களால் ரசிக்க முடியவில்லை. 2013இல் தர்மபுரி இளவரசன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். 2016இல் உடுமலைப்பேட்டை சங்கரை நடுரோட்டில் வெட்டினார்கள். ஷூ கம்பெனிக்குப் போகும் தங்கை ஒருத்தி சொன்னாள்: “நம்ம பையன் செத்தா பின்னாடி மியூசிக் போட மாட்டாங்கக்கா.”

மூன்றாவது, வேலை. தோல் ஊறும் தொட்டி, சுண்ணாம்பு, கையில் ஏறிய நாற்றம் இவற்றைத் தொடர் நின்று பார்க்கவே இல்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். தோல் வேலை என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பாருங்கள், அழுங்கள், அதன் பிறகு கேள்வி கேளுங்கள். கொரியாவின் 1894 சீர்திருத்தத்துக்கு ஒரு வருடம் முன்பே, 1893இல், ரெட்டைமலை சீனிவாசன் சென்னையில் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். அடுத்த இரண்டு ஞாயிறும் அதையும் ஜின்ஜு கதையையும் சேர்த்துப் பேசினோம்.

தொடரை முதலில் சொன்ன மாணவி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அதில் டோங்-மே சாகவில்லை. 1923இல் ஜின்ஜு போய்ச் சங்கத்தின் சந்தா நோட்டில் பெயர் எழுதுகிறான். “அப்ப அவனுக்கு அம்பது வயசு ஆயிருக்கும்க்கா, பரவால்ல” என்றாள்.