ஒரு மாதம் முன்பே வரும் வசந்தம்: கவாஸு செர்ரிப் பூக்களைத் தேடி ஒரு ரயில் பயணம்

பிப்ரவரியில் டோக்கியோ போய் இறங்குபவர்களுக்குச் சின்ன ஏமாற்றம் காத்திருக்கும். காலண்டரிலும் சினிமாவிலும் பார்த்த செர்ரிப் பூக்களைக் காணவே முடியாது. பூங்கா மரங்கள் ஓர் இலைகூட இல்லாமல் மொட்டையாக நிற்கும். பகலிலேயே 10 டிகிரிதான். ஊரெல்லாம் கோட்டும் மஃப்ளருமாக நடக்கும். அங்கே செர்ரி பூக்க மார்ச் கடைசி ஆகிவிடும்.

அவ்வளவு நாள் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் டோக்கியோவிலேயே நிறைய பேர் இருக்கிறார்கள். பிப்ரவரியில் அவர்கள் ஏறும் ரயிலின் பெயர் ஒடோரிகோ. நடனக்காரி என்று அர்த்தம். நோபல் பரிசு பெற்ற யசுனாரி கவாபட்டா எழுதிய 'இஸுவின் நடனக்காரி' கதையில் இருந்து வந்த பெயர். தெற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் இஸு தீபகற்பத்துக்கு அந்த ரயில் போகிறது. அட்டாமி தாண்டியதும் இடது பக்க ஜன்னலில் கடல் வந்துவிடும். டிக்கெட் எடுக்கும்போதே அந்தப் பக்கம் சீட் கேட்டு வாங்குவது நல்லது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் கவாஸு என்ற சின்ன ஊர். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், எதிரே இளஞ்சிவப்பு!

கவாஸு ஆற்றின் கரையோரமாக, கடலுக்குப் பக்கத்தில் தொடங்கி மலைப்பக்கமாக சுமார் 4 கிலோமீட்டருக்கு, 800-க்கும் மேற்பட்ட செர்ரி மரங்கள். மார்ச் கடைசியில் டோக்கியோவில் பூக்கும் செர்ரியின் வெளிறிய நிறம் இதற்குக் கிடையாது. நல்ல அழுத்தமான ரோஸ். மரத்தடியில் மஞ்சள் கடுகுப் பூக்கள் போல நனோஹனா செடிகள். மேலே ரோஸ், கீழே மஞ்சள், நடுவில் ஆறு. செல்போனை எடுக்காதவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

டோக்கியோ நடுங்கும்போது இந்த ஊர் மட்டும் எப்படிப் பூக்கிறது? குரோஷியோ என்ற வெப்ப நீரோட்டம் இந்தக் கடலோரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. வடக்கே அமாகி மலைத்தொடர் நிற்கிறது. அதனால் குளிர் கொஞ்சம் குறைவு. ஆனால் பாதிக் காரணம்தான் இது. மீதி அந்த மரத்திலேயே இருக்கிறது.

1955-ம் ஆண்டு பிப்ரவரி. கட்சுமி இய்டா என்ற உள்ளூர்க்காரர் கவாஸு ஆற்றங்கரைப் புதருக்குள் சுமார் ஒரு மீட்டர் உயரச் செர்ரிக் கன்று ஒன்றைப் பார்த்தார். யாரும் நட்டதல்ல, தானாக முளைத்தது. பிடுங்கிப் போய்த் தன் வீட்டு முன்னால் வைத்தார். பூக்குமா, என்ன ரகம், எதுவும் தெரியாது. அடுத்த பத்து வருஷம் அது பூக்கவே இல்லை. நம் வீடுகளில் பத்து வருஷம் பூக்காத மரத்தை விட்டுவைப்போமா என்பது சந்தேகம்தான். 1966-ல் பூத்தது. அதுவும் ஜனவரி கடைசியில் தொடங்கி, ஒரு மாதம் வரை உதிராமல் நின்றது. சாதாரண செர்ரி ஒரு வாரம், பத்து நாளில் கொட்டிவிடும். அக்கம்பக்கத்தினர் ஆச்சரியப்பட்டு, இய்டாவின் வீட்டுப் பெயரையே வைத்துக் 'கொமினே செர்ரி' என்று கூப்பிட்டார்கள்.

பிறகு ஆராய்ந்ததில், தெற்கே ஒகினாவாவில் ஜனவரியிலேயே பூக்கும் கான்ஹி ரகமும், இஸு பகுதியின் வெள்ளைப் பூ ஓஷிமா ரகமும் இயற்கையாகக் கலந்து பிறந்த மரம் இது என்று கணித்தார்கள். 1974-ல் 'கவாஸு செர்ரி' என்று முறையாகப் பெயர் வைத்தார்கள். அடுத்த வருஷம் அது ஊரின் மரமானது. இன்று ஆற்றங்கரையில் நிற்பவையும், ஜப்பானின் மற்ற ஊர்களுக்குப் போனவையும் அந்த ஒரே கன்றில் இருந்து ஒட்டுக் கட்டி வந்தவைதான்.

பூக்களுக்குள் பச்சையாக ஏதாவது துள்ளினால் உற்றுப் பாருங்கள். மெஜிரோ குருவியாக இருக்கும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். நம் ஊர் வெள்ளைக்கண்ணியின் உறவுக்காரப் பறவை. ஜப்பானியப் பெயரின் அர்த்தமும் 'வெள்ளைக் கண்' என்பதுதான்!

கரையோரக் கடைகளில் செர்ரி இலையில் பொதிந்த சகுரா மோச்சி கிடைக்கும். உப்பில் ஊறவைத்த இலை, உள்ளே அரிசி மாவும் இனிப்புப் பயறும். பனையோலைக் கொழுக்கட்டை சாப்பிட்டவர்களுக்கு இந்த இலை வாசனையின் அருமை சொல்லாமலே புரியும். அடுத்த கடையில் மீன் கருவாடு. வசந்த விழாவில் கருவாடா என்று யோசிக்க வேண்டாம், இஸு கடலோர ஊராயிற்றே. நடந்து கால் வலித்தால் வெந்நீர் ஊற்றுத் தொட்டிகள் உண்டு. ஷூவைக் கழற்றிவிட்டு, முழங்கால் வரை சுடுநீரில் விட்டு, தலைக்கு மேல் பூவைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். வயதானவர்களைக் கூட்டிப்போனால் அங்கிருந்து எழுப்புவதுதான் கஷ்டம்.

இந்தப் பயணத்தில் உள்ள ஒரே ரிஸ்க் தேதி. பூ எந்த டிக்கெட்டுக்கும் கட்டுப்படாது. பிப்ரவரி தொடக்கம் முதல் மார்ச் தொடக்கம் வரை பொதுவான காலம். ஆனால் குளிர் நீண்டால், விழாப் பந்தல் போட்ட பிறகும் மொட்டுகள் மூடியே இருக்கும். சீக்கிரம் சூடானால் விழா முடிவதற்குள் இலை வந்துவிடும். குளிர் குறைந்தால் பூவுக்கு நல்லதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. செர்ரி மொட்டு கோடையிலேயே உருவாகி உறங்கப் போய்விடும். எழுப்புவதற்கு முதலில் போதுமான குளிர் வேண்டும், பிறகு வெயில். குளிர் போதாவிட்டால் மொட்டு சரியாக விழிக்காது. கவாஸு ரகத்துக்குக் கொஞ்சக் குளிர் போதும் என்பதால்தான் முந்திக்கொள்கிறது. அந்தக் கொஞ்சமும் குறைந்தால் என்ன ஆகும் என்ற கவலை, பிப்ரவரி வியாபாரத்தை நம்பியிருக்கும் ஊருக்கு இருக்காதா?

ஆகவே விமான டிக்கெட் எடுப்பவர்கள் பிப்ரவரி நடுவை ஒட்டித் திட்டமிட்டு, ஜப்பானில் இரண்டு மூன்று நாளையாவது இழுத்தடிக்கத் தோதாக வைத்துக்கொள்ளுங்கள். பூ நிலவரத்தை ஊர்க்காரர்கள் இணையத்தில் போடுகிறார்கள். சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டத்தில் பூவைவிடத் தலைகள்தான் தெரியும். காலை முதல் ரயிலே நல்லது.

கன்று நட்ட அந்த வீட்டு வாசலில் முதல் மரம் இன்றும் நிற்கிறது, சுமார் 10 மீட்டர் உயரத்துக்கு. ஸ்டேஷனில் இருந்து பொடிநடையாகப் போய்விடலாம். ஆற்றங்கரையோடு திரும்பிவிடுபவர்கள் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். அது குடியிருக்கும் வீடு. உள்ளே போகாமல் ரோட்டில் நின்றே பார்க்க வேண்டும். கிளைகள் ரோட்டுப் பக்கமும் நன்றாகவே பரந்திருக்கின்றன.