மசாலா விற்கும் அம்மா என்ன நினைத்திருப்பார்?

போன மாதம் எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு காணொளி போட்டுக் காட்டினேன். ஓய்வுபெற்ற ஐரோப்பியத் தம்பதி ஒன்று, சொந்தப் பாய்மரப் படகில் அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியனில் உள்ள குவாதலூப் தீவுக்குப் போகிறது. பூகோளப் பாடத்துக்கு உதவுமே என்று நினைத்தேன்.

புவாந்த்-ஆ-பித்ர் என்ற துறைமுக நகரில் படகைக் கட்டிவிட்டு இருவரும் ஊருக்குள் நடக்கிறார்கள். மீனவர்கள் படகிலிருந்தே மீன் விற்கும் கரை, மசாலாச் சந்தை, கட்டம் போட்ட துணியைத் தலையில் கட்டிய பெண்கள். எவ்வளவு எளிமையான, சந்தோஷமான மக்கள் என்று வியக்கிறார்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “அக்கா, அந்த மசாலா விக்கிற அம்மா இவங்களப் பத்தி என்ன நெனச்சிருப்பாங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு அந்த ஊரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அந்தத் துறைமுகத்தை வளர்த்தது சர்க்கரை. கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1848-இல் அடிமைமுறை ஒழிந்ததும் முதலாளிகள் வேறு கைகளைத் தேடினார்கள். 1854 டிசம்பர் 24 அன்று ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை இதே துறைமுகத்தில் இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர் போனார்கள். பலர் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறிய தமிழர்கள். நம் சேரிகளிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அவர்களின் வழிவந்தவர்களுக்குக் குடியுரிமை கேட்டு ஆன்றி சிதம்பரம் என்பவர் பல ஆண்டுகள் போராடினார். அது கிடைத்தது 1923-இல்.

பெண்கள் தலையில் கட்டும் அந்தத் துணிக்கு அங்கே ‘மத்ராஸ்’ என்றே பெயர். பழைய சர்க்கரை ஆலை இருந்த கடற்கரையில் 2015-இல் அடிமைமுறை நினைவகம் திறந்தார்கள். நான்காண்டுக்கு ஒருமுறை பிரான்சிலிருந்து இந்த ஊருக்குப் பாய்மரப் படகுப் பந்தயம் நடக்கிறது. அதன் பெயர் ‘ரம் பாதை’. ரம் கரும்பிலிருந்து வருகிறது. கரும்பை வெட்டியது யார் என்பது பெயரில் இல்லை.

இன்றைக்கும் அந்தத் தீவில் பல வீடுகளுக்குக் குழாயில் முறைவைத்துத்தான் தண்ணீர். வாழைத் தோட்டங்களில் 1993 வரை அடித்த குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்து இன்னும் மண்ணிலும் மக்கள் ரத்தத்திலும் இருக்கிறது. காணொளியில் இது எதுவும் வரவில்லை.

அந்தத் தம்பதியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை தோழர்களே. நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். எம்.ஏ. சமூகவியல் படிக்கும்போது களப்பணிக்காக ஒரு சேரிக்குப் பத்து நாள் போனோம். நானே சேரியில் பிறந்தவள். ஆனாலும் நோட்டும் பேனாவுமாகப் போனதும் எனக்கு வேறு கண் வந்துவிட்டது. ‘வறுமையிலும் மகிழ்ச்சி’ என்று அறிக்கையில் எழுதினேன். தேநீர் கொடுத்த ஆயா, “இத எழுதிட்டுப் போயி என்னம்மா பண்ணுவ?” என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். நல்ல மதிப்பெண் வந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் போகவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அறிக்கையை எடுத்துக்கொண்டு போனேன். ஆயா இறந்து நாலு வருஷமாம். அவர் மருமகள் பாய் போட்டு உட்காரவைத்து, “படிம்மா, கேப்போம்” என்றார். படித்தேன். அந்த வரி வந்ததும் தொண்டை அடைத்தது.

அவர் கோபப்படவில்லை. “அப்பல்லாம் ஊர்க் குழாயில நம்மள விடமாட்டாங்க. ஏரிக்கு அந்தாண்ட போயித்தான் தண்ணி தூக்குவோம். அத்தை ஒன்கிட்ட சொன்னாங்களே, அத எழுதலியா?” என்று மட்டும் கேட்டார்.

எழுதவில்லை. இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

களப்பணிக்குக் கிளம்பும் தம்பி, தங்கைகளே, எங்கே வேண்டுமானாலும் போங்கள், பாருங்கள். எழுதியதைக் கல்லூரியில் கொடுக்கும் முன் அந்தத் தெருவில் உட்கார்ந்து ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். விட்டதை அவர்களே சொல்வார்கள்.