மாமாவின் 640 குறுந்தகடுகள்

ஆணி அதிகம் மக்களே, அதான் இந்தப் பக்கமே வரமுடியல. போன வைகாசியில மகிஷ சம்ஹாரத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிட்டு வந்ததுல இருந்தே எழுதணும்னு நினைச்ச விஷயம் இது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் அம்பகரத்தூர். திருநள்ளாறு தெரியும்ல? சனீஸ்வரனைப் பார்த்துட்டு எல்லாரும் திரும்பிடுவாங்க. இன்னும் கொஞ்சம் மேற்கே வந்தீங்கன்னா எங்க பத்ரகாளி. 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காரைக்கால் பகுதி. அதனால பக்கத்துத் தெருவுல ஒரு 'சொல்தா' தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்து பென்ஷன் வாங்கறவங்களை எங்க பக்கம் அப்படித்தான் சொல்வாங்க. அவர் வீட்டு ரெக்கார்ட் பிளேயர்லதான் எங்க மாமா முதன்முதலா ஜாஸ் கேட்டாராம். ஜான் கோல்ட்ரேன். 1961-ல 'இந்தியா'ன்னே பேர் வெச்சு ஒண்ணு வாசிச்ச மனுஷன், மகனுக்கு ரவிசங்கர் ஞாபகமா ரவின்னு பேர் வெச்சவர். மாமா கவுந்துட்டார்.

அப்புறம் 1994-ல 'டூயட்' வந்துச்சு. கத்ரி கோபால்நாத் சாக்ஸபோன் ஊரெல்லாம் ஒலிச்சுது. கல்யாணத்துக்கு நாதஸ்வரம் வெச்சவங்க சாக்ஸபோன் கேட்க ஆரம்பிச்சாங்க. நாதஸ்வரம் வாசிச்சுக்கிட்டிருந்த மாமா சாக்ஸபோனுக்கு மாறினார். (கத்ரியே நாதஸ்வரக் குடும்பம்தான், மைசூர் அரண்மனை பேண்டுல சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி மாறினவர். அதனால மாமாவைக் குறை சொல்லப்படாது.) கல்யாணத்துல எல்லாரும் கேட்கறதை வாசிப்பார். ராத்திரி கொல்லைப்புறத்துல தனக்குப் பிடிச்சதை வாசிப்பார். கரகரப்பிரியாவை எடுத்து எங்கெங்கேயோ சுத்திட்டு, திரும்ப வந்து சேர்றதுக்குள்ள நமக்கு வயித்தைக் கலக்கிடும். "என்ன மாமா இது?"ன்னா, "இதான்டா ஜாஸ்"ம்பார்.

2008-ல மாமி வளையல் அடகுக்குப் போச்சு. சென்னையில ஒரு ஸ்டுடியோ, ஒரு கிதார், ஒரு டிரம்ஸ், மூணு நாள். ஆல்பம் ரெடி. எத்தனை போடறதுன்னு கேட்டிருக்காங்க. அங்கதான் வில்லங்கம். சிடி அச்சடிக்கறதுல கண்ணாடி மாஸ்டர், அதுல இருந்து உலோக அச்சுன்னு ஆரம்பச் செலவு எக்கச்சக்கம். அதுக்கப்புறம் ஒவ்வொரு தட்டும் சல்லிசு. 200 கேட்டாலும் 1000 கேட்டாலும் பில்லுல பெரிய வித்தியாசம் இல்ல. யாரா இருந்தாலும் ஆயிரம்தான் சொல்வாங்க. மாமாவும் சொன்னார்.

அந்த வருஷம் திருவிழாவுல மாமாவோட கடைக்குப் பக்கத்துலேயே இன்னொருத்தர் 100 பாட்டு எம்பி3 சிடியை 30 ரூபாய்க்குக் கூவிக் கூவி வித்தார். மாமாவோடது 8 பாட்டு, 100 ரூபாய். நான் அப்போ ஆறாவது, கல்லாவுல உட்கார்ந்திருந்தேன். கணக்கு ரொம்ப சுலபமா இருந்துச்சு.

இனிமேதான் பாவ மன்னிப்பு. 2015-ல கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் சேர்ந்தப்போ மாமா 50 சிடியைக் கட்டிக் கொடுத்தார். "படிச்ச பசங்க மாப்ளே, அவங்களுக்குப் புரியும்." வித்தது 3. மத்தவன் எல்லாம் "பென்டிரைவ்ல போட்டுக் குடு மச்சி" ன்னான். போட்டுக் கொடுத்தேன். ஹாஸ்டல்ல நாப்பது பேராவது கேட்டிருப்பாங்க, செமஸ்டர் ராத்திரியெல்லாம் அதான் ஓடும். ஆனா மாமாகிட்ட அதைச் சொல்ல வாய் வரல. லேப் ஃபீஸ்னு அப்பாகிட்ட பொய் சொல்லி வாங்கி, 5000 ரூபாயை முழுசா கொடுத்துட்டேன். மாமா அன்னிக்கு அழுதார். மீதி 47 இத்தனை வருஷமா எந்த ரூமுக்கு மாறினாலும் என்கூடவே வந்துச்சு.

இப்போ வீட்டை இடிச்சுக் கட்டறாங்க. நெல் போடற அறையில 640 சிடி. "எவ்வளவுக்குப் போனாலும் தள்ளி விட்டுடலாம் மாப்ளே, நீ கம்ப்யூட்டர் ஆளாச்சே"ன்னார். நானும் எக்ஸெல் ஷீட் திறந்து பந்தாவா உட்கார்ந்தேன்.

தேடினா, உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்காவுல சிடி பேபின்னு ஒண்ணு. 1998-ல ஒரு இசைக்கலைஞர் தன்னோட சிடியை விக்க ஆரம்பிச்சது, அப்புறம் சொந்தமா ஆல்பம் போடறவங்களுக்கெல்லாம் அதான் கடை. 2020-ல கடையை மூடினாங்க, 2023-ல சிடி விநியோகத்தையே நிறுத்திட்டாங்க. கிடங்குல கிடந்த சரக்கெல்லாம் அவங்கவங்க வீட்டுக்கு. எத்தனை வீட்டு நெல் அறை நிறைஞ்சுதோ! அதே ஊர்ல மரியா ஷ்னைடர்னு ஒரு ஜாஸ் அம்மா, ரசிகர்கள்கிட்ட முன்பணம் வாங்கி ஆல்பம் போட்டு, கடைக்கே அனுப்பாம இணையத்துல மட்டும் வித்து, 2005-ல கிராமி வாங்கினாங்க. அவங்களுக்கு ரசிகர்கள் முன்பணம். மாமாவுக்கு மாமி வளையல். வித்தியாசம் அவ்வளவுதான்.

பிரான்ஸ்ல இருக்கற காரைக்கால்காரர் ஒருத்தர் 10 கேட்டார். தபால் செலவு சிடி விலையைத் தாண்டுச்சு. டப்பாவோட 100 கிராம் கிட்ட, தட்டு மட்டும்னா 16 கிராம்தான். டப்பாவைக் கழட்டி, மாமியே காகித உறை ஒட்டினாங்க.

திருவிழா அன்னிக்கு ராத்திரி திண்ணையில மாமா கணக்கு நோட்டைப் புரட்டிக்கிட்டே சொன்னார். "ஊர்க்காரன் வாங்கினது எல்லாம் எனக்காக. உங்க காலேஜ்ல போன 50தான்டா பாட்டுக்காகப் போனது."

தொண்டை அடைச்சிடுச்சு. உள்ள போய் பையைக் கொண்டு வந்து எதிர்ல வெச்சேன். 47. பென்டிரைவ், லேப் ஃபீஸ் எல்லாம் சொன்னேன். மாமா ரொம்ப நேரம் பேசல. கோயில் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

அப்புறம் மெதுவா, "அந்த மூணு பேர் யாருடா?" ன்னார்.

சொன்னேன். ஒருத்தன் திண்டுக்கல், ரெண்டு பேர் ஈரோடு. பேர் கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டார். "அந்த நாப்பது பேர்? முழுசா கேட்டானுங்களா?"

"அஞ்சாவது பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவாங்க மாமா."

"கரகரப்பிரியா," ன்னார். நோட்டை மூடிட்டார்.

காலையில மாமியைக் கூப்பிட்டு, "640 இல்ல, 687"ன்னார். சரக்கைத் தள்ளப் போய், சரக்கைக் கூட்டிட்டு வந்த ஒரே சேல்ஸ்மேன் நான்தான் :-)

இப்போ மாமா வாசிக்கற கல்யாணத்துல கேட்கறவங்களுக்குத் தாம்பூலப் பையில ஒண்ணு போடறாங்க, தட்டுக்கு 20 ரூபாய். 300-க்கு மேல போயிடுச்சு. கேட்க வீட்டுல பிளேயர் இருக்கான்னு யாரும் கேட்கறதில்ல, அதனால உறைக்கு உள்ளே பாட்டுக்கான சுட்டியையும் அச்சடிச்சு வெச்சிருக்கேன். பென்டிரைவ்ல அன்னிக்குப் பண்ணினதேதான், இப்போ மாமாவுக்குத் தெரிஞ்சு பண்றேன்.

அஞ்சாயிரத்தை மாமா திருப்பித் தந்தார். அப்பாகிட்ட இன்னும் சொல்லல.

டிஸ்கி: அப்பா இதைப் படிக்கமாட்டார்ங்கற தைரியத்துலதான் இந்தப் பதிவு.