படமும் சாட்சியும்

எமது கல்லூரி வாசிகசாலையிற் பத்திரிகை படிக்கப் பழகிய நாளில், ஒரு செய்தியை நம்புவதா விடுவதா என்று துணிதற்கு எமக்கு இரண்டே அளவுகோல்கள் இருந்தன: எழுதியவர் யார்? படம் உண்டா? இவ்விரண்டும் இன்று ஒருங்கே தளர்ந்துவிட்டன.

2025 மே மாதத்தில் 'சிக்காகோ சன் ரைம்ஸ்' பத்திரிகையோடு வந்த இணைப்பிதழொன்று, கோடைகாலத்திற் படிக்கத்தக்கவையென 15 நூல்களைப் பரிந்துரைத்தது. அவற்றுள் 10 நூல்கள் உலகத்திலேயே இல்லாதவை. இசபெல் அயெண்டே முதலாய மெய்யான எழுத்தாளர்களின் பெயரால், அவர்கள் எழுதாத நூல்களைச் செயற்கை நுண்ணறிவு கதைச்சுருக்கத்தோடு புனைந்து கொடுத்திருந்தது. வெளியார் தயாரித்த அவ்விணைப்பு ஆசிரியபீடம் பாராமலே வாசகர் கையை அடைந்தது. அந்நூல்களைத் தேடி நூலகம் சென்றிருக்கக்கூடியவரை எண்ணிச் சிரித்தேன்.

ஆயினும், பொய் மெய்போல வருவதினும் என்னை வருத்துவது மற்றொன்று. 2024 ஆகஸ்டில், டெற்றோயிற் நகரை அடுத்த விமான நிலையத்திற் கமலா ஹரிசின் கூட்டத்துக்குத் திரண்ட மக்களின் படத்தைக் குறித்து, அது செயற்கை நுண்ணறிவின் ஆக்கமென்றும் அங்கே எவருமே இருந்திலரென்றும் டொனால்ட் டிரம்ப் மறுத்துரைத்தார். போலி செய்யவல்ல கருவியொன்று உண்டென்பதே, மெய்யை மறுப்பார்க்குப் போதிய படைக்கலமாயிற்று. அன்று வேறு படங்கள் பலவும் நேரிற் கண்டோர் ஆயிரக்கணக்கினரும் இருந்தமையால் அம்மறுப்பு நிலைக்கவில்லை. படங்கள் சிலவே எஞ்சி, கண்டோரும் அருகிவரும் நிகழ்ச்சிகளின் கதி யாது?

சென்ற ஆண்டு என் பேர்த்தி, 1981ஆம் ஆண்டில் எரியுண்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் படமொன்றைப் பார்த்து, "அப்பப்பா, இது உண்மையான படமோ, ஏஐ செய்ததோ?" என்று கேட்டாள். அவளைக் குறைகூறேன்; இக்காலத்துப் பிள்ளை கேட்கவேண்டிய வினாவே அது. 90,000க்கும் மேற்பட்ட நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் நீறாகிய அக்கட்டடத்தின் முன்னே மறுநாள் யான் நின்றேன். கருகிய தாள்கள் காலடியிற் கிடக்கக் கண்டேன். என்னோடு அங்கு நின்றோருட் பலர் இன்றில்லை.

அன்றிரவே என்னிடமுள்ள பழைய படங்களை எடுத்து, ஒவ்வொன்றின் பின்புறத்தும் நாள், இடம், எடுத்தவர் பெயர், யான் நேரிற் கண்டது ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிடத் தொடங்கினேன். எமது கல்லூரி விளையாட்டுப் போட்டிப் படங்களும் அவற்றுள் உள. இரண்டு படங்களில் நிற்கும் மாணவர் சிலரின் பெயர் எனக்கு நினைவில்லை. அவற்றின் பிரதிகளைக் கல்லூரி நூலகத்திற் கொடுத்துள்ளேன். அடையாளம் காணும் பழைய மாணவர்கள் தம் பெயரும் இட்டு எழுதுவாராக.