கெட்டிமேளம் கொட்டியபோது

ஒளி மூலத்திலிருந்து தூரம் இரு மடங்கானால் ஒளிச்செறிவு என்னாகும்? நான்கில் ஒரு பங்காகும் என்று எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். ஆனால் அந்த விதி என் மண்டையில் உறைத்தது வகுப்பறையில் அன்று. ஒரு கல்யாண மண்டபத்தில்.

நான் இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா கொத்தனார். முகூர்த்த நாட்களில் எங்கள் ஊர் ஸ்டூடியோ அண்ணனுக்கு உதவியாகப் போவேன். பஸ் செலவும் புத்தகச் செலவும் அதில் கழியும். கல்லூரிப் புகைப்படப் போட்டியில் பரிசு வாங்கியவன் என்ற கர்வமும் கொஞ்சம் உண்டு. இல்லாமலா இருக்கும்!

சென்ற தை மாதம் ஒரு திருமணம். தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண்ணின் முகத்தை எடுப்பது என் பொறுப்பு. அந்த நேரம் பார்த்துத் தூணோரம் பெண்ணின் பாட்டி நின்றிருந்தார். ஜன்னல் வெளிச்சம் பாதி முகத்தில் விழ, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன படம் அது! கேமராவைத் திருப்பினேன். கெட்டிமேளம் கொட்டியது.

திரும்பிப் பார்த்தால் எதிரே கைப்பேசி பிடித்த கைகள், அட்சதை மழை. பதறிப்போய் எடுத்த ஒரே படத்தில், ஃபிளாஷ் வெளிச்சம் அருகில் நின்ற ஒரு மாமாவின் முதுகுக்கு வெள்ளையடித்துவிட்டு, பெண்ணை இருட்டில் விட்டிருந்தது. நான்கில் ஒரு பங்கு!

அண்ணனோ கால் மணி நேரத்துக்கு முன்பே நாத்தனாரிடம், "முடிச்சுப் போடும்போது இந்தப் பக்கமா நின்னுக்குங்கக்கா" என்று சொல்லித் தமக்கு வழி செய்துகொண்டிருந்தார். அவர் கேமராவில் இரண்டு மெமரி கார்டுகள். பையில் மாற்றுக் கேமரா ஒன்று. என்னைத் திட்டவில்லை. "பாட்டி படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அவங்க இன்னொரு தடவை தாலி கட்ட மாட்டாங்களே" என்றார், அவ்வளவுதான்.

இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். "தளம் போடுற அன்னைக்குப் பாதியில கையைக் கழுவிட்டு வரமுடியுமாடா?" என்றார்.

திறமையில் தொழிற்காரர்தான் உயர்ந்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் விவியன் மேயர் என்ற பெண்மணி, பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். 2007-இல் அவருடைய பெட்டிகள் சிகாகோவில் ஏலம் போயின. 2009-இல் அவர் மறைந்த பிறகே உலகம் வியந்தது. அவ்வளவு பெரிய கலைஞர், நூற்றுக்கணக்கான ஃபிலிம் சுருள்களைக் கழுவாமலே விட்டுப் போனார். கேட்டு வாசலில் நிற்க ஆளில்லை. அண்ணனால் ஒரு சுருளையாவது அப்படி விடமுடியுமா?

ஆடி மாதம் அந்தப் பாட்டி காலமானார். படம் கேட்டு அவர் மகன் ஸ்டூடியோவுக்கு வந்தார். ஆவலோடு என் படத்தைத்தான் முதலில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "நல்லாருக்கு தம்பி. ஆனா அம்மா முகம் பாதிதானே தெரியுது" என்றார்.

அண்ணன் வேறொன்றை எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் நாற்காலியில் பாட்டி நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பந்திக்குப் போகுமுன் வீட்டுப் பெரியவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து அண்ணன் எடுத்தவற்றில் ஒன்று. அவர் அதை எடுத்ததை நான் கவனிக்கவே இல்லை.

சட்டம் போட்டு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். ஆணியும் நானே அடித்தேன்.