அளவுமானிக்கு வயது தெரியாது

மூத்த வெற்றியாளர் ஒருவரும் அவரை எதிர்த்து எழும் இளைஞர் ஒருவரும் களத்தில் சந்திக்கும்போது, பார்ப்பவர்களும் இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுகின்றனர். இரு நாடுகள் மோதினால் நாம் எந்தப் பக்கம் நிற்போம் என்பதைப் பிறந்த மண் முடிவு செய்துவிடும். முதுமையும் இளமையும் மோதும்போது அதை முடிவு செய்வது எது? இந்த வினாவுக்கான விடையின் முதல் பாதி எனக்கு ஓசூர்த் தொழிற்பேட்டையின் தேநீர்க் கடை ஒன்றில் கிடைத்தது. அது 2013ஆம் ஆண்டின் நவம்பர் மாதம்.

ஓசூர் எல்லைப்புற ஊர். ஜூஜூவாடியைக் கடந்தால் கருநாடகத்தின் அத்திப்பள்ளி. ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் பெங்களூரு. 1970களில் இங்குச் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. சரக்குந்து, இருசக்கர வண்டி, கைக்கடிகாரம் எனப் பலவற்றைச் செய்யும் ஆலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிப்பாகங்கள் செய்து தரும் சிறு தொழிற்கூடங்கள் தெருத்தெருவாக முளைத்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் இங்கு ஒரே பெஞ்சில் அமர்ந்து தேநீர் அருந்தும். தமிழில் தொடங்கும் பேச்சு தெலுங்கில் சூடேறிக் கன்னடத்தில் முடிவதுண்டு. யாரை அழைப்பதானாலும் ‘அண்ணா’ என்றால் போதும். மூன்று மொழியினரும் திரும்பிப் பார்ப்பர்.

அத்தகைய ஒரு தொழிற்கூடத்தில் தர ஆய்வுப் பிரிவில் நான் பணியாற்றி வந்தேன். இயந்திரங்களிலிருந்து வரும் உதிரிப்பாகங்களை அளவுமானியால் அளந்து, நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினாலும் ஒதுக்கி வைப்பது என் வேலை. அந்த ஆண்டு எங்கள் கூடத்தில் பழைய லேத் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. அவற்றின் இடத்தில் கணினியின் கட்டளைப்படி இயங்கும் சி.என்.சி. இயந்திரங்கள் வந்து நின்றன. கைப்பிடியைச் சுழற்றி வேலை செய்து பழகிய மூத்தவர்கள் சிலர், புதிய இயந்திரங்களின் முன் நின்ற இருபது வயது இளைஞர்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அந்த நவம்பரில்தான் சென்னையில் உலகச் சதுரங்க வாகையர் போட்டி நடைபெற்றது. ஒருபுறம் விஸ்வநாதன் ஆனந்த். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். 2007 முதல் உலக வாகையர் பட்டத்தைத் தொடர்ந்து தம்மிடம் வைத்திருந்தவர். 2008இல் கிராம்னிக்கையும், 2010இல் தோபலோவையும், 2012இல் கெல்பாண்டையும் வென்று அப்பட்டத்தைக் காத்தவர். 44 வயது நிறைய அவருக்கு ஒரு மாதம் இருந்தது. எதிரே நார்வே நாட்டின் மேக்னஸ் கார்ல்சன். 13 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனவர். 23 வயதை எட்ட அவருக்குச் சில வாரங்களே இருந்தன.

ஆட்டம் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும். எங்கள் முதல் ஷிப்ட் முடிவதும் அந்த வேளையில்தான். தேநீர்க் கடைத் தொலைக்காட்சியின் முன் கூட்டம் சேர்ந்துவிடும். சதுரங்கத்தை ஊன்றிக் கற்றவர்கள் அக்கூட்டத்தில் மிகச் சிலரே. ஆயினும் வழக்காடுவதற்கு எவரும் பின்வாங்கவில்லை.

வழக்கின் ஒரு பக்கத்தில் எங்கள் கூடத்தின் மூத்த டர்னர் இருந்தார். தளிப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். மறு பக்கத்தில் சி.என்.சி. இயந்திரத்தை இயக்கிய ஓர் இளைஞர். கார்ல்சனின் வயதுதான் அவருக்கும்.

“எத்தனை பேரை எதிர்கொண்டவர் ஆனந்த்! அவர் பார்க்காத நிலை பலகையில் உண்டா, தம்பி?” என்பார் மூத்தவர்.

“பார்த்தது போதுமா அண்ணா? ஐந்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து ஆட வேண்டாமா? அதற்கு வயது வேண்டும்” என்பார் இளைஞர்.

முதல் நான்கு ஆட்டங்களும் சமனில் முடிந்தன. வழக்கும் சமனில் நின்றது. நவம்பர் 15, 16 ஆகிய நாள்களில் நடந்த ஐந்தாம், ஆறாம் ஆட்டங்களில் கார்ல்சன் வென்றார். இரண்டிலும் கண்ணைக் கவரும் தாக்குதல் ஏதும் இல்லை. பெரும்பாலான காய்கள் வெட்டுப்பட்டு, யானைகளும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சிய நிலையில், பிறர் ‘சமன்’ என்று எழுந்துவிடக்கூடிய இடத்தில், கார்ல்சன் எழவில்லை. சலிக்காமல் சிறு சிறு இக்கட்டுகளை எதிராளியின் முன் வைத்துக்கொண்டே இருந்தார். இளைஞர்கள் ஆரவாரித்தனர். மூத்தவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து சென்றார்.

அவர் நடந்து சென்ற விதத்தைக் கண்டபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அவர் ஆனந்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை. இளைஞரும் கார்ல்சனைப் பற்றி மட்டும் பேசவில்லை. ‘என் கைத்திறனுக்கு இனி இடம் உண்டா?’ என்று ஒருவர் கேட்டார். ‘எனக்கான இடத்தை எப்போது தருவீர்கள்?’ என்று மற்றவர் கேட்டார். இந்த இரண்டு வினாக்களையும் தொழிற்கூடத்துக்குள் எவரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. சதுரங்கப் பலகை அவற்றைக் கேட்பதற்கு ஓர் இடம் தந்தது.

அந்த வாரத்தில் இளைஞரின் இயந்திரத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. உருளை ஒன்றின் உட்துளையைக் கடையும்போது உலோகப் பரப்பில் அலை அலையாகத் தடங்கள் விழுந்தன. சுழலும் வேகத்தை மாற்றினார், தடங்கள் மறையவில்லை. அவ்வழியே சென்ற மூத்தவர் நின்றார். சற்று நேரம் செவிகொடுத்துக் கேட்டார். “டூல் வெளியே நீண்டு நிற்கிறது தம்பி, அதனால்தான் அதிர்கிறது. உள்ளே தள்ளி இறுக்கிப் பார்” என்றார். இளைஞர் அவ்வாறே செய்தார். இரைச்சல் அடங்கியது, தடங்கள் மறைந்தன. உருளை என் மேசைக்கு வந்தது, அளந்தேன். அளவு மிகச் சரியாக இருந்தது. அந்தச் செம்மை இளையவரின் இயந்திரத்தால் வந்ததா, மூத்தவரின் செவியால் வந்ததா என்று என் கையிலிருந்த அளவுமானி கேட்கவில்லை. அதற்கு வயது தெரியாது. உருளையை மட்டுமே அதற்குத் தெரியும்.

நவம்பர் 21 அன்று ஒன்பதாம் ஆட்டம். அப்போது கார்ல்சன் 5–3 என முன்னணியில் இருந்தார். வெள்ளைக் காய்களுடன் ஆடிய ஆனந்த், தற்காப்பை விடுத்து எதிராளியின் அரசனை நோக்கிப் படை திரட்டினார். அதற்குள் கார்ல்சனின் கறுப்புச் சிப்பாய் ஒன்று கடைசி வரிசையை அடைந்து அரசியாக மாறி, ஆனந்தின் அரசனுக்கு முற்றுகை வைத்தது. இடையில் மந்திரியை நிறுத்தியிருந்தால் ஆட்டம் தொடர்ந்திருக்கும். ஆனந்த் குதிரையை நிறுத்தினார். கார்ல்சன் அரசியை நகர்த்தினார். அத்துடன் ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். மறுநாள் பத்தாம் ஆட்டம் சமனில் முடிய, 6.5–3.5 என்ற புள்ளிக் கணக்கில் உலக வாகையர் பட்டம் கைமாறியது.

கடையில் இருந்த ஒருவர், “வயதாகிவிட்டது, குதிரைக்கும் மந்திரிக்கும் வேறுபாடு தெரியவில்லை” என்று எள்ளினார். அதற்கு மறுமொழி கூறியவர் மூத்தவர் அல்லர், இளைஞர். “அண்ணா, சமன் செய்து ஒதுங்க நினைத்திருந்தால் அவருக்கு இந்தப் பிழை நேர்ந்தே இருக்காது. பட்டத்துக்காகத் துணிந்து தாக்கினார். துணிந்தவருக்குத்தான் இப்படி நேரும்” என்றார். மூத்தவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். சில நாள்களில், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் சி.என்.சி. திரையின் முன் நிற்பதையும், இளைஞர் ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லிக் கொடுப்பதையும் கண்டேன்.

ஆனந்த் ஓய்வு பெற வேண்டும் என்று அப்போது பலரும் பேசினர். அவரோ 2014 மார்ச்சில் கான்டி-மான்சிஸ்க் நகரில் நடந்த தகுதிப் போட்டியில் முதலிடம் பெற்று, மீண்டும் கார்ல்சனை எதிர்கொள்ளும் உரிமையை வென்றார். அவ்வாண்டு சோச்சியில் நடந்த மறுபோட்டியிலும் தோற்றார். ஆயினும் அதன் மூன்றாம் ஆட்டத்தில் கார்ல்சனை வீழ்த்தினார். 2017 டிசம்பரில், 48 வயதில், ரியாத் நகரில் உலக விரைவுச் சதுரங்க வாகையர் பட்டத்தை வென்றார். அத்தொடரில் அவரிடம் தோற்றவர்களுள் கார்ல்சனும் ஒருவர்.

விடையின் மறு பாதி எனக்குப் பத்து ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. 2023 ஜூலை 16 அன்று விம்பிள்டன் டென்னிஸ் இறுதி ஆட்டம். 36 வயது நோவக் ஜோகோவிச்சை 20 வயது கார்லோஸ் அல்காரஸ் ஐந்து செட்களில், 4 மணி 42 நிமிடம் போராடி வென்றார். மறுநாள் எங்கள் கூடத்தில் பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர்கள் அல்காரசைக் கொண்டாடினர். “அனுபவம் என்று ஒன்று இருக்கிறது தம்பி, ஜோகோவிச் திரும்பி வருவார், பாருங்கள்” என்று ஒரு குரல் அவர்களை மறுத்தது. திரும்பிப் பார்த்தேன். அன்று கார்ல்சனுக்காக வாதாடிய அதே சி.என்.சி. இளைஞர்தான்! இப்போது முப்பதைக் கடந்த குடும்பத் தலைவர், புதியவர்களுக்கு ‘அண்ணா’. அவர் கட்சி மாறியதை அவரே உணர்ந்திருக்கவில்லை. மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில், 37 வயது ஜோகோவிச் அதே அல்காரசை வென்று தங்கப் பதக்கம் பெற்றபோது, அவர் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

வீரர்களிடையே உள்ள உறவு, நாம் கட்டும் இந்தக் கட்சிகளைப் போன்று எளியதன்று. 2010இல் தோபலோவை எதிர்கொள்ள ஆனந்த் ஆயத்தமானபோது அவருக்குப் பயிற்சியில் உதவியவர்களுள் கார்ல்சனும் ஒருவர். நாளை தம்மை வெல்லப்போகும் இளைஞரிடமிருந்து மூத்தவர் கற்றார். தாம் வெல்லப்போகும் மூத்தவரின் அருகிலிருந்து இளைஞரும் கற்றார். 2013இல் சென்னை அரங்கில் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று அந்தப் போட்டியைப் பார்த்தவர்களுள் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். தானும் ஒருநாள் அக்கண்ணாடி அறைக்குள் அமர வேண்டும் என்று அவன் எண்ணினான். அச்சிறுவன்தான் குகேஷ். ஆனந்தின் வழிகாட்டலையும் பெற்று வளர்ந்த அவர், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலக வாகையர் ஆனார். 2025 ஜூன் 1 அன்று நார்வேயில் நடந்த தொடரில் அவரிடம் தோற்ற கார்ல்சன், ஆற்றாமையால் மேசையை ஓங்கிக் குத்தினார். அன்றைய இளைஞர் இன்று மூத்தவர். வழக்கில் அவருடைய இடமும் மாறிவிட்டது.

மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் விடுதியிலும் இத்தகைய வழக்குகள் எழும். எழட்டும், விரும்பும் வீரருக்காக வாதாடுவது இனிமையான பொழுது. வாதாடும்போது, உங்கள் சொற்களில் பேசுவது ஆட்டமா, உங்கள் வயதா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இளையவர் வென்ற நாளில் மூத்தவரின் பழைய வெற்றிகள் எவையும் பலகையிலிருந்து அழிவதில்லை. மூத்தவர் மீண்டு வந்த நாளில் இளையவரின் திறமை பொய்யாகிவிடுவதும் இல்லை. எங்கள் மூத்த டர்னர் பணி நிறைவு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. இயந்திரம் அதிர்ந்தால் அதை நிறுத்திவிட்டு, டூல் எவ்வளவு நீண்டு நிற்கிறது என்று முதலில் பார்க்கும்படி புதியவர்களுக்கு இன்றும் எங்கள் கூடத்தில் கற்பிக்கிறார்கள். கற்பிப்பவர், அன்று அவரோடு நாள்தோறும் வழக்காடியவர்.